அம்மா வழுக்கி விழுந்த வீட்டுக்கு எந்த டைல்ஸ் போடலாம்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். பரமக்குடியில் இருந்து எழுதுகிறேன். 1989-ல் அப்பா கட்டின வீடு. 850 சதுரடி. 18க்கு 14 ஹால், ரெண்டு ரூம், சமையக்கட்டு, ஒரு பாத்ரூம், வாசலில் ஒரு திண்ணை, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம். ஹாலும் ரூம்களும் சிவப்பு ஆக்சைடு தரை. 2011-ல் பாத்ரூமுக்கும் சமையக்கட்டுச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டினோம். அப்போது வந்த கொத்தனார், "சுவத்துக்கு வாங்குனதுல மிச்சம் கெடக்கு, பாத்ரூம் தரைக்கும் இதையே போட்டுரலாம்" என்றார். பணம் மிச்சம் என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

போன கார்த்திகையில் அம்மா அந்தத் தரையில்தான் விழுந்தார். வயது 71. காலில் சோப்புத் தண்ணீர் இருந்திருக்கிறது. கையை ஊன்றினதில் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பியது. அன்றிலிருந்து பாத்ரூமுக்குள் போகும்போது அம்மா சுவரைத் தடவிக்கொண்டுதான் போகிறார். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த 2011 நினைப்பு வருகிறது.

இப்போது பாத்ரூமை உடைக்கப் போகிறோம். அதோடு ஹாலையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஹால் தரையில் நாலைந்து இடத்தில் விரிசல், மழைக்காலத்தில் அது வழியாக எறும்பு வருகிறது. அம்மா ரூம் தரை மட்டும் நன்றாக இருக்கிறது, ஒரு மூலையில் முடி அளவு கீறல், அவ்வளவுதான்.

என் மனைவிக்கு வெள்ளை, பளபளப்பு, 2க்கு 4 பெரிய டைல்ஸ் வேண்டும். மதுரையில் அவள் அக்கா வீட்டில் பார்த்தது. எங்கள் ஹாலில் ஒரே ஒரு ஜன்னல், பகலிலேயே லைட் போட வேண்டும், வெள்ளை போட்டால் வெளிச்சம் வரும் என்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது. அம்மாவின் பிறந்த வீடு காரைக்குடிப் பக்கம். அந்தப் பக்கம் கையால் செய்யும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் போடலாமே என்று ஒருமுறைதான் சொன்னார், மறுபடி சொல்லவில்லை. எனக்கு அது மனதில் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஜிவிடி, பிஜிவிடி, டபுள் சார்ஜ், ஃபுல் பாடி என்று சொல்லிக்கொண்டே போனார்கள். 2க்கு 2 சதுரடி 42 ரூபாயிலும் இருக்கிறது, 58-லும் இருக்கிறது, 95-லும் இருக்கிறது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது. எதற்காகக் கூடுதல் காசு என்று கேட்டால் "குவாலிட்டி சார்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. குடிக்க, சமைக்கக் காவிரித் தண்ணீர். குளிக்க, கழுவ எல்லாம் போர்தான். குழாயடியில் வெள்ளை படியும், வாளியே வெளுத்துப் போகும். இதற்கு எந்த டைல்ஸ் தாங்கும்? சிவப்புத் தரையை உடைத்துத்தான் ஆக வேண்டுமா, மேலேயே ஒட்டலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மல்லிப்பந்தல் எழுதியது:

தம்பி, அம்மாவுக்கு இப்போ கை எப்படி இருக்கு? முதல்ல ஒண்ணு சொல்றேன், பாத்ரூம் தரைக்கு எது போட்டாலும் சரி, சுவர்ல பிடிச்சுக்க ஒரு கம்பியும் சேர்த்து வைங்க. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே எந்த இடம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. அப்புறமா துளை போட்டா டைல்ஸ் கீறிக்கும்.

உங்க வீட்டம்மா கேக்குற வெள்ளை 2க்கு 4 எங்க வீட்டு ஹால்ல இருக்கு. ஆறு வருஷம் ஆச்சு. வெளிச்சத்துக்கு அவங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. எங்க ஹாலும் இருட்டு ஹால்தான், டைல்ஸ் போட்ட அன்னிக்கு ஜன்னல் ஒண்ணு கூடுன மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தத் தரையோட நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தலைமுடி விழுந்தா தெரியும். ஈரக்காலோட யாராவது நடந்தா அடி அடியா தடம் நிக்கும். துடைச்சுக் காயுறப்போ மாப்பு போன வழியெல்லாம் கோடு கோடா தெரியும், அதுவும் உப்புத் தண்ணியில துடைச்சா கட்டாயம் தெரியும். நான் இப்போ குடிக்கிற தண்ணியில அரை வாளி எடுத்துத்தான் ஹாலைத் துடைக்கிறேன். மாமனாருக்கு ஹால்ல நடக்க ஒரு பாய் விரிச்சு வச்சிருக்கோம். மழை நாள்ல வாசல்ல இருந்து உள்ள வர்ற முதல் நாலு அடி எனக்கே பயம்.

பாத்ரூமுக்கு நான் செஞ்சது நேர் எதிர்த் தப்பு. அழுக்கு தெரியாதுன்னு கரும் சாம்பல் நிறத்துல மேட், அதாவது பளபளப்பு இல்லாதது, வாங்கினேன். வழுக்கல, அது உண்மை. ஆனா நாலே மாசத்துல தரை பூரா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைப் படிவு. ஆசிட் ஊத்திக் கழுவினோம். வெள்ளை போச்சு, கூடவே இடுக்குல இருந்த சிமெண்டும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு. இப்போ அந்த இடுக்கு வழியா தண்ணி இறங்கிக் கீழ் வீட்டுச் சீலிங்குல கறை. உப்புத் தண்ணி ஊருக்குக் கறுப்பும் வேண்டாம், கரும்பச்சை, நீலம் எதுவும் வேண்டாம். மணல் நிறம், வெளிர் சாம்பல், அதுலயும் ஒரே நிறமா இல்லாம புள்ளி புள்ளியா, கல்லு மாதிரி கலந்து இருக்கறதா பாருங்க. படிவு இருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது.

எந்த டைல்ஸ் பிடிச்சாலும் கடையில இருந்து ஒரே ஒரு சாம்பிள் வாங்கிட்டு வாங்க. உங்க போர் தண்ணியை அதுல தெளிச்சு வெயில்ல காய விடுங்க. பத்து நாள் அப்படியே செஞ்சு பாருங்க. நான் செய்யாம விட்டது அதுதான்.

---

ரசமட்டம் எழுதியது:

தம்பி, நான் 22 வருசமா டைல்ஸ் வேலை பாக்குறேன். விருதுநகர், அருப்புக்கோட்டை, உங்க ஊர்ப் பக்கமும் வந்திருக்கேன். உங்க கேள்விய படிச்சதும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல.

மொதல்ல அந்தச் சுவத்து டைல்ஸ் விசயம். சுவத்துக்குன்னு வர்ற செராமிக், பளபளன்னு கண்ணாடிப் பூச்சு இருக்கும், தரைக்கு ஆகாது. தண்ணி பட்டா காலு நிக்காது, கனமான சாமான் விழுந்தா பொட்டுன்னு உடையும். அத எடுத்து தரையில போட்டது அந்த ஆளு செஞ்ச தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்ல, வீட்டுக்காரருக்கு இது தெரியணும்னு இல்ல, ஒட்டுறவனுக்குத் தெரியணும்.

செராமிக்கா, இல்ல விட்ரிஃபைடுன்னு சொல்ற தண்ணி குடிக்காத கெட்டி டைல்ஸான்னு கடையிலயே கண்டுபிடிக்கலாம். ஒரு டைல்ஸ திருப்பிப் போட்டு முதுகுல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. செராமிக்னா உறிஞ்சிரும், ஈரத்தடம் பரவும். விட்ரிஃபைடுன்னா அப்படியே முத்து மாதிரி நிக்கும், துணிய வச்சுத் தொடச்சா போயிரும்.

இப்ப நீங்க கேட்ட பேரெல்லாம். ஜிவிடின்னா விட்ரிஃபைடு உடம்பு மேல டிசைன அச்சடிச்சு கிளேஸ், அதான் கண்ணாடிப் பூச்சு, குடுத்தது. மரம் மாதிரி, மார்பிள் மாதிரி, எது வேணும்னாலும் வரும், மேட்லயும் வரும். பிஜிவிடி அதையே பாலிஷ் போட்டு கண்ணாடி ஆக்குனது, உங்க வீட்டுல கேக்குறது அதுதான். டபுள் சார்ஜ்ல மேல மூணு நாலு மில்லிமீட்டருக்கு நெறம் தனிப் பொடியா வச்சு அழுத்திருப்பாங்க, அதனால நடமாட்டத்துல தேஞ்சாலும் நெறம் போகாது. ஆனா டிசைன் கம்மியாத்தான் இருக்கும். ஃபுல் பாடி அடி வரைக்கும் ஒரே நெறம். ஓரம் செதறுனாலும் வெள்ளையா பல்லக் காட்டாது. படிக்கட்டு, கடை, ஆளு நெறைய நடக்குற எடத்துக்கு அது நல்லது. நீங்க ஒரு குடும்பம் பொழங்குற வீடு. ஒங்களுக்கு 58 ரூவா மேட் ஜிவிடி போதும். 95 ரூவா டிசைனுக்கும் பேருக்கும் போறது. ஆனா 42 ரூவாய வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு டைல்ஸ எடுத்து மொகத்தோட மொகம் வச்சுப் பாருங்க. நடுவுல காத்துப் போற சந்து இருந்தா வளைஞ்ச டைல்ஸ். அத எந்தக் கையாலயும் மட்டம் கட்ட முடியாது, ஒவ்வொரு ஓரமும் கட்டை வெரல்ல இடிக்கும். அம்மா மாதிரி கால இழுத்து நடக்குறவங்களுக்கு அது வழுக்கலவிட மோசம்.

பெரும்பாலும் எல்லாம் குஜராத் மோர்பியில இருந்து வர்றதுதான். பேருதான் வேற வேற. அதனால பேரப் பாக்காதீங்க, பெட்டியப் பாருங்க. பெட்டியில பேட்ச் நம்பரு, ஷேடு நம்பரு போட்டிருக்கும். ஒரு ரூமுக்கு வர்ற அத்தனை பெட்டியும் ஒரே நம்பரா இருக்கணும். எறக்குறப்பவே பாத்துருங்க. ஒட்டுன பொறவு சாயங்கால வெயில்ல ஒரு பாதி மஞ்சளாவும் ஒரு பாதி வெளுப்பாவும் தெரிஞ்சா அழுதாலும் மாத்த முடியாது.

அளவு கணக்குல ஒண்ணு இருக்கு. 2க்கு 2ன்னு சொல்றது 600 மில்லி. ரெண்டு அடி முழுசா இல்ல. நாலு டைல்ஸ் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுரடி. சில கடையில 16ன்னு போடுவாங்க. உங்க ஹாலு 252 சதுரடி, சுவத்து அடியில ஓரமா ஒட்டுற ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு 20, சேதாரம் நூத்துக்கு எட்டு, ஆக 294. பத்தொம்போது பெட்டி. 16 கணக்குல பில்லு போட்டா 304 சதுரடிக்குக் காசு குடுப்பீங்க, வீட்டுக்கு வர்றது 294.5. 58 ரூவான்னா 551 ரூவா. கேட்டா கொறைப்பாங்க, கேக்கணும். ஒரு பெட்டி கூட வாங்கி கட்டிலுக்கு அடியில வச்சுக்குங்க. அஞ்சு வருசம் கழிச்சு குழாய் ஒடச்சா அந்த டிசைன் எந்தக் கடையிலயும் இருக்காது.

இப்ப முக்கியமான சங்கதி. டைல்ஸ் நல்லதா இருந்தும் தரை கெட்டுப்போற வீடுதான் நான் நெறைய பாத்திருக்கேன். அருப்புக்கோட்டையில ஒரு வீடு. சித்திர மாசம், ராத்திரி ரெண்டு மணி. ஹால் நடுவுல டமார்னு சத்தம். வீட்டுக்காரர் சிலிண்டர் வெடிச்சிருச்சுன்னு புள்ளைகளத் தூக்கிட்டு தெருவுக்கு ஓடிட்டாரு. லைட்டப் போட்டுப் பாத்தா ஒரு வரிசையில எட்டு டைல்ஸ் கூரை மாதிரி எதிரெதிரா தூக்கிக்கிட்டு நிக்குது. மறுநாள் என்னயக் கூப்பிட்டாங்க. பேத்துப் பாத்தா டைல்ஸ் முதுகுல அஞ்சு எடத்துல மட்டும் கலவை, நாலு மூலைக்கும் நடுவுக்கும். மத்த எடம் வெறும் பொள்ளல். டைல்ஸுக்கு டைல்ஸ் சந்தே விடல, சுவத்தோடயும் முட்ட வச்சிருந்தாங்க. கீழ சிமெண்டு காயக் காய சுருங்கும், மேல டைல்ஸ் வெக்கைக்கு விரியும். போக எடம் இல்லாட்டி மேலதான் வரும்.

அதனால, இடுக்கே தெரியக் கூடாதுன்னு யாரு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. டைல்ஸுக்கு நடுவுல சந்து விட வைக்கிற ஸ்பேசர் துண்டு 2 மில்லியாவது வைக்கச் சொல்லுங்க, 3 வச்சா இன்னும் நல்லது. சுவத்து ஓரத்துல கால் இஞ்சிக்குக் கொறையாம சந்து விடணும், ஸ்கர்ட்டிங் வந்து அத மறச்சிரும். முதுகு பூரா கலவை படணும். முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒரு கம்பு எடுத்து ஒவ்வொரு டைல்ஸா தட்டுங்க. டொக்கு டொக்குன்னா சரி. டொங்குன்னு மொழங்குனா சாக்பீசுல குறி போடுங்க. குறி போட்டத மாத்துன பொறவுதான் கடைசிக் கூலி. நல்ல வேலைக்காரன் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டான்.

பாத்ரூமுக்கு 1க்கு 1 மேட் போடுங்க. பெருசு வேண்டாம். வாட்டம் நாலு பக்கம் இருந்தும் ஓட்டைக்கு எறங்கணும், பெரிய டைல்ஸ்ல அந்த வாட்டம் வராது, நடுவுல தண்ணி குளமா நிக்கும். நிக்கிற தண்ணிதான் பாசி, பாசிதான் வழுக்கல். ஆறடி நீளத்துக்கு ஒரு இஞ்ச் எறக்கம் கேளுங்க. ஒட்டி முடிச்சதும் ஒரு வாளித் தண்ணிய கதவு மூலையில ஊத்திப் பாருங்க, கால் மணி நேரத்துல தரை ஈரமா மட்டும்தான் இருக்கணும்.

பாத்ரூம் சுவத்துக்கு பளபளப்பே போடலாம், அது தப்பே இல்ல. கழுவ ஈசி. செராமிக்குன்னா தண்ணியில ஊறப்போட்டு சிமெண்டுலயே ஒட்டலாம். விட்ரிஃபைடு சுவத்துல ஏத்துனா சிமெண்டுப் பால நம்பாதீங்க, அது தண்ணி குடிக்காது, சிமெண்டு பிடிக்காது. டைல்ஸ் ஒட்டுற பசை மூட்டை வாங்கி பல் கரண்டியில இழுத்து ஒட்டணும். இடுக்க அடைக்க சிமெண்டுக்குப் பதிலா எப்பாக்சிப் பசை. வெலை சாஸ்திதான். ஆனா மேல ஒரு அம்மா சொன்னாங்களே, சிமெண்டு கரைஞ்சு கீழ் வீட்டுக்கு எறங்குச்சுன்னு, அது எப்பாக்சியில நடக்காது.

வண்டி நிக்கிற எடத்துக்கு பார்க்கிங் டைல்ஸ்னு தனியா வரும், தடிமனா, சொரசொரன்னு. அத விட்டு வேற எதையும் போடாதீங்க.

---

சாய்தளம் எழுதியது:

மேஸ்திரி எழுதினதில் சேர்க்க எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர்ச் சோதனையை எண்ணில் சொன்னால், விட்ரிஃபைடு என்பது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதது. சுவர் செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். ஒரு கிலோ எடையுள்ள டைல்ஸ் என்றால் ஒன்று 5 கிராம், மற்றது 100 கிராம்.

கேட்டலாக்கில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று பார்ப்பீர்கள். ஜெர்மன் முறைச் சோதனை அது. டைல்ஸ் மீது எண்ணெய் பூசி, அதன் மேல் ஆளை நடக்கவிட்டு, மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 10 டிகிரிக்குள் வழுக்கினால் ஆர் 9, 19 வரை தாங்கினால் ஆர் 10, 27 வரை தாங்கினால் ஆர் 11. இதில் கவனிக்க வேண்டியது, நடப்பவர் காலில் ஷூ இருக்கும். பாத்ரூமில் யாரும் ஷூ போடுவதில்லை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிச் சோதனை உண்டு, சோப்புத் தண்ணீரில் நடக்கவிட்டுப் பார்ப்பது. பி கிடைத்தால் குளியலறைக்கு நல்லது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஆர் எண் மட்டும்தான் எழுதியிருப்பார்கள். பாத்ரூமுக்கு ஆர் 10-க்குக் குறையாமல், முடிந்தால் ஆர் 11 எடுங்கள். ஆர் 12, 13 எல்லாம் தொழிற்சாலைத் தரைக்கு. அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வீட்டில் தேய்த்து மாளாது.

மேட் என்று எழுதியிருந்தாலே வழுக்காது என்று முடிவு கட்டாதீர்கள். பளபளப்பு இல்லாமல் வழவழவென்று இருக்கும் மேட் உண்டு. ஈரத்தில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

---

வளவு எழுதியது:

ஆத்தங்குடியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். எனக்கு ஊர் காரைக்குடி. எங்கள் ஐயா வீட்டுப் பட்டாசாலையில் போட்ட கல் அறுபது வருடத்தைத் தாண்டிவிட்டது.

அது சூளையில் சுடாத கல். ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, அதன் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பூவும் கொடியும் அந்தக் கையில்தான் வருகிறது. அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் கலந்த காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்வார்கள். அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊற வேண்டும். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடி பட்ட பக்கம்தான் முகம், அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கக் கூடுமே தவிரக் குறையாது. போட்ட புதிதில் ஆச்சிமார் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அது சிமெண்டு. புளிப்பு ஆகாது. எலுமிச்சை, புளித்த மோர், புளித்தண்ணீர் விழுந்து அப்படியே கிடந்தால் முகம் அரித்துத் தடம் விழும். ஆசிட் ஊற்றினால் அன்றோடு முடிந்தது. அதனால் சமையக்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் உப்புத் தண்ணீரில் தினமும் கழுவுகிற இடத்துக்கும் வேண்டாம். கல் முக்கால் அங்குலத் தடிமன், ஒரு கல் போல மறு கல் இருக்காது, அடியில் கலவை மெத்தையைக் கனமாகப் போட்டு ஒவ்வொன்றாக மட்டம் பார்த்து வைக்க வேண்டும். விட்ரிஃபைடு மட்டுமே போட்டுப் பழகினவர் கையில் கொடுத்தால் ஏறியும் இறங்கியும் வரும்.

உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சாயங்காலம் உட்காரும் இடம் அதுதானே? மேலே கூரை இருந்தால், சாரல் அடித்துத் தண்ணீர் நிற்காது என்றால், அங்கே போடுங்கள். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் பத்து அங்குலக் கல் முப்பது, உடைசலுக்கு நாலு சேர்த்து 34. எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லி வாங்குங்கள், அடுத்த முறை ஊற்றும் சிவப்பு இந்தச் சிவப்பாக இருக்காது. ஆத்தங்குடிக்கு நேரில் போய் வாருங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். பட்டறையில் உட்கார்ந்து ஊற்றுவதைப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அம்மா ரூமில் சிவப்புத் தரை நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அதை ஏன் உடைக்க வேண்டும்?

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடையில் மூன்று மணி நேரம் நின்று தெரியாதது இங்கே தெரிந்தது. மல்லிப்பந்தல் அக்கா, அம்மா கை சேர்ந்துவிட்டது, பிடிமானம் மட்டும் இன்னும் குறைவு.

வளவு ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஹாலுக்கும் ரூமுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தத் தரையை அம்மாவே முதல் ஒரு மாதம் தேங்காய் எண்ணெயும் தவிடும் போட்டுத் தேய்த்து மெருகேற்றினார் என்று அப்பா சொல்லுவார். எனக்கு அப்போது ஐந்து வயது.

ரசமட்டம் அண்ணே, ஒரு சந்தேகம். ஹாலில் சிவப்புத் தரைக்கு மேலேயே பசை வைத்து ஒட்டினால் உடைக்கிற செலவும் தூசியும் மிச்சம் என்கிறார் இங்கே ஒருவர். செய்யலாமா?

---

ரசமட்டம் எழுதியது:

கம்ப எடுத்து ஹால் பூரா தட்டிப் பாருங்க தம்பி. தரை கெட்டியா இருந்தா மேல ஒட்டலாம், கொத்திச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்க நல்லாக் கழுவிட்டு. ஆனா விரிசல் இருக்கு, எறும்பு வருதுன்னு சொல்றீங்க. எறும்பு மண்ணு இல்லாம வராது, அடியில மண்ணு எறங்கி பொள்ளல் விழுந்திருக்கும். அதுக்கு மேல ஒட்டுனா கீழ இருக்க விரிசல் ரெண்டு வருசத்துல டைல்ஸ்ல தெரியும். ஹால ஒடச்சு, மண்ணத் திமுசு போட்டுக் கெட்டிச்சு, கான்கிரீட் போட்டு, அதுக்கு மேல போங்க. ஒடச்சுப் போட்டா அம்மா ரூம் தரையும் ஹாலும் ஒரே மட்டத்துல வரும், வாசப்படியில தடுக்காது. மேல ஒட்டுனா ஹாலு முக்கால் இஞ்ச் ஏறிரும், கதவு அடிய அறுக்கணும், அம்மாவுக்கு நெதமும் ஒரு தடுக்கல்.

அம்மா ரூம ஒடைக்காதீங்க. அந்தத் தரை போடுற கை இப்ப ரொம்பக் கொறைஞ்சு போச்சு.

---

வைகைக்கரை எழுதியது:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாத்ரூமுக்கு 1க்கு 1-ல் மூன்று சாம்பிள் வாங்கிவந்தேன். கரும் சாம்பல், மணல் நிறப் புள்ளி, வெளிர் சாம்பல். மொட்டை மாடியில் வரிசையாக வைத்து, தினமும் காலையில் போர் தண்ணீர் தெளித்தேன். ஐந்தாம் நாளே கரும் சாம்பலில் வட்டம் வட்டமாக வெள்ளை. வெளிர் சாம்பலில் பத்தாம் நாள் ஓரத்தில் தெரிந்தது. மணல் நிறத்தில் விரலால் தடவினால்தான் படிவு இருப்பதே தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு மூன்றையும் கீழே கொண்டுவந்து முற்றத்தில் ஈரச் சாக்கு மேல் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, முதலில் நான் ஏறி நின்றேன். வெளிர் சாம்பல் கடையில் கையால் தடவும்போது சொரசொரப்பாகத்தான் இருந்தது, சோப்பு பட்டதும் குதிகால் நகர்ந்தது. சாய்தளம் சார் சொன்னது இதைத்தான். மணல் நிறம் பிடித்துக்கொண்டது. அதன் கேட்டலாக்கில் ஆர் 11 என்றிருந்தது.

மனைவியிடம் மல்லிப்பந்தல் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவளும் அவள் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அங்கேயும் மாப்புக் கோடுதான் பேச்சாம். ஹாலுக்கு 2க்கு 2, மேட், தந்த நிறம் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். வெளிச்சத்துக்காகப் பாத்ரூம் சுவரிலும் சமையக்கட்டுச் சுவரிலும் அவள் கேட்ட வெள்ளைப் பளபளப்பு. ஹாலின் தெற்குச் சுவரில் இன்னொரு ஜன்னல் திறக்கவும் கொத்தனாரிடம் பேசிவிட்டோம். பெட்டிக்கு 15.5 சதுரடி என்று நான் சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பில்லை மாற்றினார். பத்தொன்பதும் கூட ஒன்றும், இருபது பெட்டி ஒரே ஷேடு நம்பரில் இறங்கியிருக்கிறது.

அம்மா ரூம் அப்படியே இருக்கிறது.

போன புதன்கிழமை அம்மாவை ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனேன். பட்டறையில் ஒருவர் அச்சில் சிவப்பை ஊற்றி, நடுவில் மஞ்சளை ஊற்றுவதை அம்மா வெகுநேரம் நின்று பார்த்தார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. அவர் பிறந்த வீட்டு முகப்பில் இருந்த பூ எது என்று கேட்டேன். அடுக்கி வைத்திருந்த கல்லில் நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். எட்டு இதழ், ஓரத்தில் பச்சை. 34 கல்லுக்குச் சொல்லியிருக்கிறோம். ஊறிக் காய்ந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மணல் நிற சாம்பிளை மறுபடி நனைத்து வைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா அதில் ஏறினார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு தோளில் இருந்து கையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பாத்ரூமை உடைக்கிறார்கள். பிடிகம்பிக்கு இரண்டு இடம் குறித்து வைத்திருக்கிறேன், அம்மா கைக்கு எட்டும் உயரம் அளந்து.